மாதத்திற்கு எத்தனை நாள்?

ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கலைந்து சென்ற பின்னரும் ஆலயப் படிக்கட்டில் ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். காப்பித் தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் பழம் பறித்துக் காய்த்துப்போன கைகள். அக்கைகளுக்குள் ஒரு பழைய பட்டன் போன். நாம் அருகிற் சென்றதும் எழுந்து நின்றார்.

"சாமி, என் கூட்டாளியை மண்ணுல வச்சு நாலு நாள் ஆச்சாமே! எனக்கு ஒருத்தரும் சொல்லலையே சாமி!"

மறைந்தவர் அவரோடு ஒரே தோட்டத்து லைன் வீடுகளில் குடியிருந்து, அடுத்தடுத்த செடிகளில் பழம் பறித்தவர். முதுமையில் ஏற்காடு நகரின் அருகே மகள் வீட்டுக்கு வந்துவிட்டவர். இவரோ இன்னும் மலையின் மறுபுறத்திலேயே வாழ்கிறார். இருவரையும் இணைத்து வைத்திருந்தது அந்தப் பட்டன் போன் ஒன்றுதான்.

நாம் என்ன விடை கூறுவது? மரண அறிவிப்பைப் பங்கின் வாட்ஸ்அப் குழுவில் இட்டோம். உபதேசியார் இருமுறை அவருடைய எண்ணுக்கு அழைத்தும் பார்த்தார். பதிவு செய்யப்பட்ட ஒரு குரல்தான் பதிலளித்தது. அடக்கத்திற்கு வந்த கூட்டத்தில் இந்த ஒருவர் இல்லாததை நாமும் கவனிக்கவில்லை.

பின்னர் அமர்ந்து விசாரித்தோம். அவர் ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி ரீசார்ஜ் செய்பவர். மாதம் என்றால் அவருக்கு 5ஆம் தேதியிலிருந்து அடுத்த 5ஆம் தேதி வரை. ஆனால் அவர் வாங்கும் மாதத்துக்கு 28 நாள்களே. ஆகவே ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நாள்கள் போன் ஊமையாகிவிடும். ஏன் என்று அவருக்குத் தெரியாது. டவர் இல்லை போலும் என்று எண்ணிக்கொள்வார். நம் மலையில் அவ்வாறு எண்ணுவதில் வியப்பில்லை. ஒரு கொண்டை ஊசி வளைவில் கிடைக்கும் டவர் அடுத்த வளைவில் மறைந்துவிடும் ஊர் இது. சென்ற மாதம் மருந்துச் செலவு குறுக்கிட்டதால் பணம் போடப் பல நாள் தாமதமாயிற்று. முதலில் வெளியே பேச முடியாமற்போயிற்று. பின்னர் உள்ளே வரும் அழைப்பும் நின்றது. அந்த இடைவெளியில்தான் தோழி கண் மூடினார்.

பணம் கையில் வந்ததும் அவர் கடைக்குச் சென்றிருக்கிறார். "பாட்டி, இந்தச் சிம் பழசு, மாத்தணும், அதுக்குத் தனியாக் காசு. இந்தப் போனும் பழசு. தவணையில ஒரு டச் போன் எடுத்துக்கோங்க" என்று கடைக்காரத் தம்பி கூறினாராம். சிம் மாற்றவும் ரீசார்ஜ் செய்யவும் கையிலிருந்ததில் பெரும்பகுதி போயிற்று. ரசீது கிடையாது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, அவர் நம்மிடம் ஒன்று கேட்டார்.

"சாமி, நான் படம் பாக்குறதில்ல. பேசத்தான் போன் வச்சிருக்கேன். பேசுறதுக்கு மட்டும்னு ஒரு வெல கெடயாதா?"

அன்பார்ந்த வாசகர்களே, அந்தக் கேள்வியே இம்மாதம் நம்மை எழுதத் தூண்டியது.

நம் இளமையில் தொலைபேசி என்பது செல்வர் வீட்டுப் பொருள். குருமடத்தில் பயின்ற நாள்களில் வீட்டாரோடு பேச வேண்டுமாயின், இரவு முற்றிக் கட்டணம் குறையும் வரை எஸ்.டி.டி. சாவடியின் வாயிலில் காத்து நிற்போம். கண்ணாடிக் கூண்டுக்குள் சிவப்பு எண்கள் ஓடும். அவற்றைப் பார்த்துக்கொண்டே பேசுவோம். பேசிய அளவுக்கே காசு. பேசாத மாதத்தில் செலவும் இல்லை.

1995 ஜூலை 31 அன்று இந்தியாவின் முதல் கைப்பேசி அழைப்பு கொல்கத்தாவிலிருந்து டெல்லிக்குச் சென்றது. மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு பேச, மத்திய அமைச்சர் சுக்ராம் கேட்டார். அக்காலத்தில் உள்ளே வரும் அழைப்புக்கும் கட்டணம் உண்டு. 2003இல் அது நீங்கியது. அதன் பின்னரே கைப்பேசி ஏழையின் கைக்கு வந்தது எனலாம். பத்து ரூபாய் போட்டுவிட்டு, எவரேனும் அழைக்கட்டும் என்று காத்திருக்கலாம். "மிஸ்டு கால்" என்னும் புதுமொழி பிறந்ததும் அந்நாளில்தான். திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குச் சென்ற பிள்ளைகளைப் பெற்ற தாய்மாருக்கு அது ஒரு வரப்பிரசாதமாக விளங்கியது.

அந்நிலை 2018இன் இறுதியில் மாறியது. எண் உயிரோடிருக்க வேண்டுமாயின் 28 நாள்களுக்கு ஒருமுறை குறைந்தது 35 ரூபாய் செலுத்த வேண்டும் என்று பெரிய நிறுவனங்கள் விதித்தன. பின்னர்க் கட்டணம் படிப்படியாக ஏறிற்று. 2024 ஜூலை தொடக்கத்தில் மூன்று தனியார் நிறுவனங்களும் ஓரிரு நாள் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக விலையை உயர்த்தியபோது, ஏர்டெல், வோடபோன் ஐடியா ஆகியவற்றின் 179 ரூபாய்த் திட்டம் 199 ஆயிற்று. ஜியோவின் 155 ரூபாய்த் திட்டம் 189 ஆயிற்று. அன்றைய 35 ரூபாயில் சிறிதளவே பேசலாம், இன்றைய திட்டத்தில் எவ்வளவும் பேசலாம், இணைய டேட்டாவும் சேர்ந்தே வரும் என்பது உண்மையே. ஆனால் டச் போன் இல்லாதவருக்கு அந்த டேட்டாவால் ஆவதென்ன? பல் இல்லாதவருக்குக் கரும்பு விற்று, அதற்கும் விலை கேட்பது போலன்றோ!

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். ஆண்டுக்கு 12 மாதங்கள். ஆனால் 28 நாள் மாதமாயின் 13 முறை பணம் கட்ட வேண்டும். 199 ரூபாய் வீதம் 13 முறைக்கு 2,587 ரூபாய். நம் மாநிலத்தில் முதியோருக்கும் கைம்பெண்களுக்கும் வழங்கப்படும் மாத உதவித்தொகை 2023 ஆகஸ்டில்தான் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக உயர்ந்தது. அந்த 1,200இல் ஒரு ரீசார்ஜ் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. அரிசி நியாயவிலைக் கடையில் இலவசமாகக் கிடைக்கிறது. அரிசிக்குக் கொடுக்காத பணத்தை அந்த மூதாட்டி மகனின் குரலுக்குக் கொடுக்கிறார்.

கடல் கடந்த நாடுகளிலும் இத்தகைய முணுமுணுப்பு உண்டு. அமெரிக்காவில் பெரிய கைப்பேசி நிறுவனங்கள், பழைய போனை விட்டுப் புதிய போனுக்கு மாறும் வாடிக்கையாளரிடம் அம்மாற்றத்திற்கென்றே 35 டாலர் அளவில் தனிக்கட்டணம் வாங்கி வந்திருக்கின்றன. போனுக்கு முழு விலையும் கொடுத்து, மாதக் கட்டணமும் கட்டுபவர், மாறியதற்கு ஏன் காசு என்று அங்கே சினங்கொள்கிறார். நம் நாட்டில் போனைக் கடையில் தனியே வாங்குவதே வழக்கமாதலால், அத்தகைய கட்டணம் இங்கே வேரூன்றவில்லை. ஆயினும் அங்கே மாறுவதற்குக் காசு. இங்கே மாறாமலிருப்பவர் தாம் பயன்படுத்தாததற்கும் காசு கொடுக்கிறார். இரண்டிலும், சேவை இன்னதென்று கேட்டால் தெளிவான விடை கிடைப்பதில்லை.

நிறுவனங்களின் பக்கத்தையும் கேட்பதே நீதி. டேட்டாவின் விலை உலகிலேயே மிகக் குறைந்த நாடுகளுள் இந்தியா ஒன்று. 2022இல் நடந்த அலைக்கற்றை ஏலத்தில் நிறுவனங்கள் ஒன்றரை இலட்சம் கோடி ரூபாய்க்கு மேல் விலை கேட்டு எடுத்தன. அரசுக்குச் செலுத்த வேண்டிய பங்கு குறித்து 2019 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு சிலவற்றின் முதுகை வளைத்துவிட்டது. நட்டத்தில் ஒரு நிறுவனம் வீழ்ந்தால் என்னவாகும் என்பதைத் தமிழகம் கண்ணாரக் கண்டது. இங்கே பெரிதாக வளர்ந்திருந்த ஏர்செல், 2018 பிப்ரவரி இறுதியில் திவால் மனு அளித்தபோது, எண்ணற்றோர் திடீரெனத் தொடர்பிழந்து, வேறு நிறுவனத்துக்கு மாறக் கடைகளின்முன் கூடி நின்றனர். எனவே நியாயமான வருமானம் அவர்களுக்கும் தேவை. அதை நாம் மறுக்கவில்லை. யாரிடம், எந்த அளவையால் அளந்து வாங்குவது என்பதே கேள்வி.

அளவை என்றதும் ஆமோஸ் இறைவாக்கினர் நம் நினைவுக்கு வருகிறார். தெக்கோவாவின் ஆட்டிடையர், காட்டு அத்தி மரம் பேணியவர். இஸ்ரயேல் செழித்திருந்த காலத்தில் வணிகரைப் பார்த்து அவர் கூறிய கண்டனம், அவரது நூலின் எட்டாம் அதிகாரத்தில் உள்ளது. மரக்காலைச் சிறிதாக்கி, எடைக்கல்லைப் பெரிதாக்கி, கோதுமையோடு பதரையும் சேர்த்து ஏழைக்கு விற்பவர்களை அவர் கடிந்துகொள்கிறார். அவர்கள் கொலையோ கொள்ளையோ செய்யவில்லை. அளவையில் சிறிது குறைத்தார்கள், அவ்வளவே. அதனை ஆண்டவர் ஒருநாளும் மறவார் என்கிறார் ஆமோஸ்.

28 நாளை 28 என்று அச்சிட்டே விற்கிறார்கள். ஆதலால் அதைப் பொய்யளவை என்று நாம் கூறிவிட முடியாது. எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கு அது வெளிப்படையே. படிக்கத் தெரியாதவருக்கோ? மலைக் கிராமத்திலிருந்து மிளகும் காப்பியும் கொண்டுவந்து விற்கும் மக்கள் அறிவார்கள்: தராசுக்கும் எடைக்கல்லுக்கும் அரசு முத்திரை உண்டு. முத்திரையில்லாத கல்லை வைத்து எடை போட்டால் வணிகர் குற்றவாளி. ஆனால் மாதம் என்னும் அளவைக்கு முத்திரை குத்துவார் நெடுநாள் ஒருவருமில்லை.

தாமதமாயினும் அம்முத்திரை வந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய், 2022 ஜனவரியில் ஓர் ஆணை பிறப்பித்தது. ஒவ்வொரு நிறுவனமும் தன் திட்டங்களின் ஒவ்வொரு வகையிலும் 30 நாள் திட்டம் ஒன்றும், மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கத்தக்க திட்டம் ஒன்றுமாவது வைத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். பின்னர் 2024 டிசம்பர் 23 அன்று வந்த விதி, நம் மூதாட்டியின் கேள்விக்கே விடையாக அமைந்தது. டேட்டா இல்லாமல், பேசுவதற்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும் தனித் திட்டம் வழங்க வேண்டும். சிறப்புத் திட்டங்களின் காலம் 90 நாளைத் தாண்டி 365 நாள் வரை இருக்கலாம். நாட்டில் ஏறத்தாழ 15 கோடிப் பேர் பழைய 2ஜி சேவையிலேயே உள்ளனர் என்பதை ஆணையம் கருத்திற்கொண்டது.

2025 ஜனவரியில் அத்திட்டங்கள் வெளிவந்தன. ஏர்டெல் 84 நாளுக்கு முதலில் 499 ரூபாய் என்றது; சில நாள்களிலேயே 469 ஆகக் குறைத்தது. ஓராண்டுக்கு 1,849 ரூபாய். ஜியோ 84 நாளுக்கு 448 ரூபாய் என்றது. இக்கட்டணங்கள் மாறக்கூடியவை, கேட்டறிந்தே போட வேண்டும். ஆயினும் அன்றைய கணக்கைப் பாருங்கள்: 28 நாளுக்கு 199 செலுத்துபவருக்கு ஒரு நாளைக்கு 7 ரூபாய்க்கு மேல், ஓராண்டுக்குச் சேர்த்துச் செலுத்துபவருக்கு ஏறத்தாழ 5 ரூபாய். ஆண்டு முழுவதற்கும் வேற்றுமை 738 ரூபாய்.

இங்கேதான் ஏழையின் கொடுமை இருக்கிறது. 1,849 ரூபாயை ஒரே நாளில் எடுத்து வைக்க இயலாதவரே 2,587 ரூபாயைத் துண்டு துண்டாகக் கட்டுகிறார். எண்ணெயைச் சிறு பொட்டலமாக வாங்குபவரும், கடனுக்கு அரிசி வாங்குபவரும் அறிந்த பழைய கணக்கே இது. கையில் பணமுள்ளவருக்கு எல்லாம் மலிவு.

தொழிலாளியும் முதலாளியும் மனமொத்துச் செய்துகொண்ட ஒப்பந்தம் என்பதாலேயே ஒரு கூலி நியாயமாகிவிடாது என்று 1891இல் திருத்தந்தை 13ஆம் லியோ கற்பித்தார். தேவை நெருக்கும்போது தரப்படும் சம்மதம் முழுச் சம்மதமன்று. கூலிக்குச் சொன்னது விலைக்கும் பொருந்துமன்றோ? அந்தத் திருத்தந்தையின் பெயரைத் தாங்கி 2025 மே மாதம் 14ஆம் லியோ பொறுப்பேற்றபோது, இன்றைய தொழில்நுட்ப மாற்றங்களினிடையே மனித மாண்பைக் காப்பதையே அப்பெயரைத் தேர்ந்ததன் காரணங்களுள் ஒன்றாகக் கூறினார். வாங்குவதும் வெறும் பொருளாதாரச் செயலன்று, அறநெறிச் செயலும் ஆகும் என்பது 2009இல் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் நினைவூட்டிய உண்மை. ஆகவே, விற்பவரை மட்டும் குறை கூறிவிட்டு வாங்குபவர் ஓய்ந்துவிடலாகாது.

செய்யத்தக்கவை சில உள்ளன. குறை இருப்பின் 198 என்னும் எண்ணில் உங்கள் நிறுவனத்திடமே புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தீர்வு மனநிறைவளிக்கவில்லையாயின் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கைப்பேசிச் சேவை குறித்த வழக்குகளையும் நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது. 5 இலட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணமில்லை. எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் உரிமை 2011 ஜனவரி முதல் நாடெங்கும் உள்ளது; 1900 என்னும் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அப்பணி தொடங்கும். எதற்குப் பணம் கொடுத்தாலும் ரசீது கேளுங்கள். கடை நடத்தும் நம் பங்கின் இளைஞர்களுக்கும் ஒரு சொல்: பட்டன் போனோடு வரும் முதியவரிடம், பேசுவதற்கு மட்டுமான திட்டம் உண்டு என்பதை நீங்களே முதலில் சொல்லுங்கள். உங்கள் கமிஷன் சிறிது குறையலாம். உங்கள் மரக்கால் முழுதாக இருக்கும்.

பெற்றோரை விட்டுத் தொலைவில் வாழும் பிள்ளைகளே, தாய் தந்தையரை மதித்தல் பத்துக் கட்டளைகளுள் நான்காவது. உங்கள் போனைப் புதுப்பிக்க ஆயிரமாயிரமாகச் செலவிடுகிறீர்கள். அச்செலவில் சிறு பகுதியைக்கொண்டு தாயின் எண்ணுக்கு ஓராண்டுத் திட்டத்தை ஒரே முறையில் போட்டுவிடுங்கள். 28ஆம் நாளை எண்ணும் கவலை அவருக்கு வேண்டாம். பிள்ளைகளற்ற முதியவர்க்கு அன்பியங்களும் வின்சென்ட் தே பவுல் சபையும் அத்தொகையை முன்பணமாகக் கட்டலாம். அவர்கள் வாரம் பத்து இருபதாகத் திருப்பித் தரட்டும். இலவசம் அவர்களுக்குத் தேவையில்லை. ஒருமுறைக்குரிய பணம் மட்டுமே தேவை.

இத்தனையும் எழுதிய பின்னர், நம்மைப் பற்றியும் ஒன்று கூறாவிடில் அது உண்மையாகாது. போன் கம்பெனி அந்த மூதாட்டியை விட்டுவிடும் முன்னரே நாம் அவரை விட்டுவிட்டோம். முன்னாள்களில் பங்கில் ஒருவர் இறந்தால் துக்கமணி ஒலிக்கும்; மணியோசை எட்டாத தோட்டங்களுக்கு ஓர் ஆள் நடந்து செல்வார். நாம் புதிய கைப்பேசிக்கு மாறிய நாள் முதல், அறிவிப்புகளை எல்லாம் அதற்குள் இட்டுவிட்டு, அனைவர்க்கும் அறிவித்தாயிற்று என்று மனநிறைவு கொண்டோம். அந்த "அனைவரி"ல் டச் போன் இல்லாதவர் எவரும் இல்லை. நம் மரக்காலும் சிறுத்திருந்தது. அதை அந்த ஞாயிறன்று நாம் அறிந்தோம். அவரிடம் மன்னிப்பும் கேட்டோம்.

இப்போது நம் பங்கில் டச் போன் இல்லாதவர்களின் பட்டியல் ஒன்று எழுதி உபதேசியாரின் மேசையில் ஒட்டப்பட்டுள்ளது. துக்கச் செய்தி வந்தால் முதலில் அப்பட்டியலுக்கு அழைப்பு. அழைப்பு கிட்டாத வீட்டுக்கு ஆள் செல்கிறார். மூதாட்டியின் எண்ணுக்கு வின்சென்ட் தே பவுல் சபையினர் பேசுவதற்கு மட்டுமான திட்டத்தை முன்பணமாகப் போட்டுள்ளனர். அவரும் ஞாயிறுதோறும் இருபது ரூபாயைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்து தவறாமல் தருகிறார்.

தோழியின் முப்பதாம் நாள் திருப்பலிக்கு அவரை நாமே அழைத்தோம். முதல் மணியிலேயே எடுத்து, "சொல்லுங்க சாமி" என்றார்.

அன்பார்ந்த வாசகர்களே, இவ்விதழை மூடி வைத்ததும் உங்கள் தாயின் எண்ணுக்கு ஒருமுறை அழையுங்கள். அவர் எடுத்தால் இறைவனுக்கு நன்றி கூறுங்கள். பதிவு செய்யப்பட்ட குரல் பதிலளித்தால், அடுத்த விடுமுறை வரை காத்திராதீர்கள்.